மூச்சு விடாதவருக்கு ஒதுக்கப்பட்ட அறை

மணிக்கூட்டைப் பின்னால் திருப்பிவைத்து, பின்னேர வெளிச்சத்தில் ஒரு மணித்தியாலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்ட ஐப்பசிக் கடைசிக் கிழமை. லண்டனில் ஐந்து மணிக்கே இருட்டு. இருட்டின கொஞ்ச நேரத்தில் எங்கள் பிளற்றின் சின்ன அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஆரோ ஒருவர் நீளமான சீலையொன்றை, அவசரமில்லாமல், நிறுத்தி நிறுத்திக் கிழிக்கிற சத்தம்.

கணவர் கிறிஸ்துராஜா பெற்றோல் அடிக்கிற செற்றில் ஷிப்ட்டுக்குப் போயிருந்தார். இரண்டு வயது மகள் சாருஜா என் சட்டையைப் பிடித்தபடி நின்றாள். நான் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். பயம் வந்தால் முதலில் செபம், பிறகுதான் லைற். பாதிச் செபத்தில் கதவைத் திறந்தேன். பேய் ஒன்றும் இல்லை. முகட்டிலிருந்து நிலம் வரைக்கும் வோல்பேப்பர் தானாகவே கழன்று, களைத்த ஆள் போலத் தரையில் சரிந்து கிடந்தது. பின்னால் சுவர் கறுப்பாக, மயிர் முளைத்த மாதிரிப் பூஞ்சணம் பிடித்திருந்தது.

பேயாக இருந்திருந்தால் பாதரைக் கூப்பிட்டிருக்கலாம். இது ஈரம். இதற்குக் கவுன்சிலைக் கூப்பிட வேண்டும். எந்தக் கவுன்சில் என்று எழுதமாட்டேன்; வீடு இன்னும் அவர்களுடையதுதான்.

வோல்பேப்பர் சத்தத்தை விட எனக்குப் பயமான சத்தம் சாருஜாவின் நெஞ்சில் இருந்தது. இரவானால் முட்டு இழுக்கும். மெல்லிய விசில் மாதிரித் தொடங்கும். டொக்ரர் வாயில் வைத்து இழுக்கிற பம்ப் எழுதித் தந்துவிட்டு, "காய்ந்த அறை ஒன்றில் படுக்க வையுங்கள்" என்றார். பம்ப் பாமசியில் கிடைத்தது. காய்ந்த அறை எந்தப் பாமசியிலும் இருக்கவில்லை.

பக்கத்து பிளற் குமுதினியின் மகன் லக்‌ஷனுக்கும் இதே முட்டு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், ஒரே பூஞ்சணம். ஆகையால் முறை வைத்து போன் எடுத்தோம். ஒருத்தி கவுன்சில் போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்க மற்றவள் இரண்டு பிள்ளைகளையும் பார்ப்பாள். அந்த வருஷம் ஊரில் சண்டையை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் மாதக்கணக்காக நின்று கத்தித் தொண்டை போன சனம் நாங்கள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்பதன் பொருள் எங்களுக்குத் தெரியும்.

கடைசியில் வீடமைப்புப் பகுதியிலிருந்து மிஸ்டர் டோபின் வந்தார். நான் எழும்பி நின்று, தேத்தண்ணி கொடுத்து, அறையைக் காட்டினேன். அவர் சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, அந்தக் கையைக் காற்சட்டையில் துடைத்தார்.

"இது ஈரம் இல்லை."

"அப்ப என்ன, சேர்?"

"வாழ்க்கைமுறை சார்ந்த நீராவி. சமைக்கிறீர்களா?"

"ஓம்."

"ஆவியில் அவிப்பது உண்டா?"

"புட்டு. இடியப்பம்."

ஏதோ வீட்டுக்குள் ஆயுதம் பிடிபட்டது போல அவற்றை எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார்.

"இங்கே எத்தனை பேர் மூச்சு விடுகிறீர்கள்?"

"மூண்டு பேர்."

"ஒரே நேரத்திலா?"

யோசித்துச் சொன்னேன். "அவர் நைற் ஷிப்ட் போற நாளில ரெண்டு பேர்தான்."

"அது வரவேற்கத்தக்க போக்கு" என்று பாராட்டினார்.

போக முன்னம் தீர்ப்பையும் சொன்னார். அந்த அறை மனிதர் வசிக்க உகந்ததல்ல. எனவே அது படுக்கையறை அல்ல. படுக்கையறை அல்லாத ஒன்றில் ஒருவரும் வசிக்க முடியாது. ஒருவரும் வசிக்காத அறையைப் பற்றி ஒருவரும் முறைப்பாடு செய்ய முடியாது. ஆகவே முறைப்பாடு தீர்த்துவைக்கப்பட்டது. அறை காலியென்று பதியப்படும்.

நான் "தாங்க் யூ சேர்" என்றேன்.

"மடத்தில எங்களுக்கு இங்கிலீஷ் படிப்பிச்சது இதுக்குத்தானோ?" என்று குமுதினி கேட்டாள். "நானெண்டால் அந்தத் தேத்தண்ணியை அந்தாளின்ர மடியில ஊத்தியிருப்பன்."

"உம்மட வீட்டுக்கு வந்தப்ப நீர் என்ன செய்தனீர்?"

"பிஸ்கற்றும் குடுத்தனான்" என்றாள்.

இந்தக் கட்டத்தில்தான் கவுன்சிலின் சிறிய மியூசியம் மூடப்பட்டது. அந்தக் கட்டடம் வாடிக்கையாளர் அனுபவ மையமாக உயர்வு பெறவிருந்தது. உள்ளே இருந்த பொருட்களைக் காலியான கவுன்சில் அறைகளில் தற்காலிகமாகக் குடியமர்த்துவதென்று தீர்மானம். காலியான அறை எங்கே என்று கொம்பியூட்டரிடம் கேட்டார்கள். அது எங்கள் விலாசத்தைச் சொன்னது.

கிறிஸ்துராஜாவிடம் சொன்னேன். அவர் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல், "ஓமெண்டு சொல்லும்" என்றார். "எங்கட விசா அலுவல் இன்னும் முடியேல்லை. இந்த நேரத்தில அரசாங்கத்தின்ர சாமானுக்கு இடமில்லையெண்டு சொல்லுறதே?"

"என்ன சாமானெண்டு தெரியாதப்பா."

"என்னவா இருந்தா என்ன. சோறு கேக்காது."

மியூசியத்திலிருந்து மிஸ் வின்டர்பர்ன் வந்தார். கழுத்தில் நெல்லிக்காய் அளவு மணிகள், கையில் வெள்ளைத் துணிக் கையுறை. பின்னால் இரண்டு பேர் ஒரு மரப்பெட்டியை, உள்ளே கைக்குழந்தை இருப்பது போலத் தூக்கி வந்தார்கள். அம்மணி சின்ன அறைக் கதவைத் திறந்து, காற்றில் ஈரம் அளக்கிற மீற்றர் ஒன்றை நீட்டினார். பிறகு நெஞ்சில் கைவைத்துச் சுவரில் சாயப் போய், சுவரைப் பார்த்துவிட்டுச் சாயாமல் நின்றார்.

"எண்பத்தெட்டு வீதம். இந்த அறையில் எதுவும் உயிர் பிழைக்காது."

"அதைத்தான் நானும் சொன்னனான், மிஸ். என்ர பிள்ளைக்கு..."

"நான் மரத்தைப் பற்றிச் சொல்கிறேன்."

எங்கள் ஹோலில் நின்றபடியே போன் எடுத்தார். அவருக்குப் பாட்டுப் போடவில்லை. நேரடியாக ஆள் பேசியது. அந்தக் கிழமையே வேலைக்காரர் வந்தார்கள். சுவரின் பழைய பூச்சைக் கொத்தி எடுத்தார்கள். வெளியே உடைந்திருந்த குழாயைக் கண்டுபிடித்து மாற்றினார்கள்; நாங்கள் அவித்த புட்டெல்லாம் அந்தக் குழாயை எப்படி உடைத்தது என்று ஒருவரும் விளக்கவில்லை. யன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, ஹீற்றர், ஈரம் உறிஞ்சுகிற மெஷின், உள்ளே தாழ்ப்பாளோடு புதுக் கதவு. சுவரில் ஒரு மீற்றர். ஐம்பத்தைந்து வீதத்தைத் தாண்டினால் சிவப்பு லைற். மிஸ்டர் டோபினும் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு, "இது ஈரம். ஆரம்பத்திலேயே சந்தேகப்பட்டேன்" என்றார்.

எல்லாம் முடிந்த பிறகு பெட்டியைத் திறந்தார்கள்.

முகமூடி. பசிபிக் சமுத்திரத்தில் மெலனீசியா என்கிற பக்கம், நியூ அயர்லாந்து என்ற தீவில் செய்தது. ஒரே மரத்தில் முகம், முகத்தைச் சுற்றிப் பறவை, மீன், பாம்பு என்று ஒன்றையொன்று கவ்வினபடி செதுக்கியிருந்தது. சிவப்பு, கறுப்பு, வெள்ளை. கண் இரண்டும் கடல்நத்தைச் சிப்பியின் மூடி, நடுவில் பச்சையாக, ஈரமாக இருப்பது போல மினுங்கும். சாருஜா அதைப் பார்த்து, "மாமா" என்றாள்.

பக்கத்தில் மாட்டியிருந்த அட்டையை வாசித்தேன். செத்துப்போனவர்களுக்காக மாதக்கணக்காகச் செதுக்கி, சடங்கில் எல்லாருக்கும் காட்டி, அது முடிந்ததும் மழைக்கும் கறையானுக்கும் விட்டுவிடுவார்களாம். போனவரைப் போகவிடுகிற வழி அது.

"அப்ப இது உக்கிப்போக வேண்டியதெல்லோ, மிஸ்?"

"ஆம். அதனால்தான் மிகவும் அரிது. உக்காமல் பாதுகாக்கிறோம்."

"செய்த ஆக்கள் உக்கட்டும் எண்டுதானே செய்தவை?"

"அது அவர்களுடைய கலாசாரம்" என்றார் பொறுமையாக. "இது நம்முடையது."

பிறகு விதிகளைச் சொன்னார். அறைக்குள் ஒருவரும் போகக் கூடாது. மனித மூச்சில் ஈரம் உண்டு. செவ்வாய்க்கிழமை தோறும் அவர் வந்து முகமூடியின் உடல்நிலையைப் பரிசோதிப்பார். சாருஜாவின் நெஞ்சைப் பார்க்கிற கிளினிக் எங்களுக்குப் பங்குனியில் திகதி தந்திருந்தது.

ஆக, இந்த மாடிக் கட்டடத்திலேயே காய்ந்த, சூடான, டொக்ரர் சொன்ன அந்த அறை எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அதில் ஒரு பெரியவர் குடியிருந்தார். அவருக்கு நெஞ்சு இல்லை.

நான்கைந்து நாள் விதிப்படி நடந்தேன். பிறகு ஒரு இரவு சாருஜாவின் முட்டு பம்புக்கு அடங்கவில்லை. உதடு ஒரு மாதிரி நிறம் மாறிக்கொண்டு வந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் போய்ச் சுவரோரம் குந்தினேன். முகமூடி பார்த்துக்கொண்டிருந்தது. விசில் மெல்ல மெல்லக் குறைந்து, நின்றது. பிள்ளை வாயைத் திறந்து நித்திரை கொண்டாள். அன்றிலிருந்து தினமும் அங்கேதான் படுத்தோம்.

மீற்றர் ஒரு கோள்மூட்டி. செவ்வாய்க்கிழமை மிஸ் வின்டர்பர்ன் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு மிஸ்டர் டோபினையும் வரவழைத்தார். என் குசினி மேசையில் விசாரணை நடந்தது.

"இரவில் யாரோ மூச்சு விட்டிருக்கிறார்கள்" என்றார் அம்மணி.

"நான் தான், மிஸ். பிள்ளையும்."

மிஸ்டர் டோபின் கண்ணை மூடிக்கொண்டார். காலி அறையில் ஆள் இருந்தால் அது காலி இல்லை. காலி இல்லையென்றால் படுக்கையறை. படுக்கையறை என்றால் அதில் ஈரம் இருந்தது தன் குற்றம். அவர் கண்ணைத் திறந்தபோது மிகவும் அன்பான மனிதராக மாறியிருந்தார்.

"விதிவிலக்கு ஏதாவது உண்டா?" என்று அம்மணியிடம் கேட்டார்.

ஒன்று உண்டு. முகமூடியின் மூல சமூகத்தினர் அதனோடு தங்கலாம், பேசலாம், சடங்கு செய்யலாம். அளவாக மூச்சும் விடலாம்.

"நீங்கள் எங்கிருந்து வந்தவர்?" என்று அம்மணி என்னைக் கேட்டார்.

"யாழ்ப்பாணம்."

"அது தீவா?"

மடத்தில் பொய் சொல்லப் பழக்கவில்லை. "குடாநாடு. இலங்கைதான் தீவு."

"கடல்?"

"சுத்திவர."

"தென்னை?"

"இருக்கு."

"முகமூடி?"

"வீடு கட்டேக்க பூதத்தின்ர முகத்தை முன்னால தொங்கவிடுவம். கண்ணூறு படாமல்."

அம்மணியின் முகம் மலர்ந்தது. "ஆனால் அது வேறு சமுத்திரம்" என்று தயங்கினார்.

"எல்லாம் ஒரே தண்ணீர்தானே" என்றார் மிஸ்டர் டோபின். ஈரத்தைப் பற்றி அவர் சொன்ன ஒரே உண்மை அது.

"அறையில் நடப்பது என்ன சடங்கு?"

"நித்திரை."

"பிள்ளையின் பங்கு?"

"மூச்சு விடுறது."

குழந்தைத் துயில் சடங்கு என்று பதிந்தார்கள். அனுமதி ஒரு தாய்க்கும் ஒரு பிள்ளைக்கும். கிறிஸ்துராஜா மூல சமூகத்தில் சேர்க்கப்படவில்லை. அவருக்குக் குறட்டை உண்டு. அவர் ஹோலில் கோட்டோடு படுத்தார். போகும்போது அம்மணி திரும்பி நின்று சொன்னார்: "சிவப்பு லைற் ஒரு தடவை எரிந்தாலும் முகமூடியை வேறு விலாசத்துக்கு மாற்றிவிடுவோம். ஹீற்றரும் மெஷினும் அதனோடு போகும். அவை அதனுடையவை."

இவ்வளவும் எங்களோடு நின்றிருந்தால் நல்லது. ஆனால் எங்கள் சனத்துக்கு வாய் சும்மா இராது. ராஜலட்சுமி அன்ரி ஒரு பை தோடம்பழத்தோடு வந்தார். இல்ஃபோர்டில் சொந்த வீடு, பெரிய கார். எங்கள் பிளற்றுக்கு அவர் அதற்கு முன் வந்ததேயில்லை.

"அதைக் காட்டும் பாப்பம், பிள்ளை. எல்லாரும் அதைத்தான் கதைக்கினம்."

கதவு நீக்கலால் காட்டினேன்.

"வடிவில்லை" என்றார். "ஆனால் வெள்ளைக்காரர் காவல் போட்டு வைச்சிருக்கினமெண்டால் சும்மாவோ. எங்கட கோசிகா பெரியபிள்ளையாயிட்டாள், சாமத்திய வீடு வருகுது. போன வருஷம் ஒரு ஆக்கள் பிள்ளையை ஹெலிகொப்ரரில இறக்கினவை. இனி மேலால ஏலாது. நாங்கள் கடலால வரப்போறம்."

"ஹோலுக்குள்ளயோ, அன்ரி?"

"நீலச் சீலை விரிச்சு ஓடம் ஒண்டு உருட்டுறது. எட்டுப் பெடியள் இதே மாதிரிச் செய்விச்ச முகமூடியோட துடுப்புப் போடுவாங்கள். வீடியோக்காரன் ஓமெண்டிட்டான்."

"இது செத்த ஆக்களுக்குச் செய்யிறது, அன்ரி."

"அது ஆருக்குத் தெரியும்? சிவப்பிருக்குத்தானே, மங்களம்."

சாமத்திய வீடு நடந்தது. செத்தவர்களின் முகங்களோடு எட்டுப் பேர் துடுப்புப் போட, கோசிகா போனைப் பார்த்தபடி கரை சேர்ந்தாள். அதற்குப் பிறகு முகமூடி இல்லாத தமிழ் வீடு மரியாதையான வீடு இல்லை என்றாகியது. ஆருடையது பெரியது, ஆருடையதற்கு மெய்யான மயிர் என்று கோயிலிலும் கதை. கூரை ஒழுகுகிற வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சந்தையில் ஏதாவது ஒரு மர முகத்தை வாங்கி ஈரமான அறையில் மாட்டிவிட்டுக் கவுன்சிலுக்குப் போன் எடுத்தார்கள். ஒபிசர்மார் வந்து சுவரைப் பார்க்கவில்லை. முகமூடியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்கள். முகமூடி போலி என்றால் அந்த வீட்டு ஈரமும் போலி என்று முடிவாகியது.

குமுதினியும் டூட்டிங் சந்தையில் ஒன்று வாங்கி மாட்டினாள். மிஸ்டர் டோபின் தடவிப் பார்த்தார். பிளாஸ்ரிக்.

"என்ர பிள்ளையின்ர முட்டும் பிளாஸ்ரிக்கோ எண்டு கேட்டனான்" என்றாள் என்னிடம். "அதுக்கு அந்தாள், இடியப்பத்தைக் குறையுங்கோ எண்டுது."

இரண்டு பேரும் சிரித்தோம். அதுதான் நாங்கள் சேர்ந்து சிரித்த கடைசி நாள்.

மார்கழியில் பனி கொட்டியது. பஸ் நின்றுவிட்டது. அன்று பொழுதுபட்டுச் சாருஜாவை அறையில் கிடத்திவிட்டு வர, முன்கதவில் தட்டுக் கேட்டது. குமுதினி, போர்வையில் சுற்றிய லக்‌ஷனோடு நின்றாள். அவனுடைய நெஞ்சு அவளுக்கு முன்னமே உள்ளே வந்துவிட்டது, அவ்வளவு சத்தம்.

"அம்புலன்ஸ் வரச் சுணங்குமாம், கத்தரின். அது வரும்வரைக்கும் இவனை அந்த அறைக்குள்ள வைச்சிருக்கிறன்."

நான் திரும்பி மீற்றரைப் பார்த்தேன். அறைக் கதவு திறந்திருந்ததால் ஐம்பத்துமூன்று.

"ஹோலில இருங்கோவன். தேத்தண்ணி போடுறன்."

"தேத்தண்ணிக்கு வரேல்லை. இவன்ர வாயைப் பாரும்."

பார்த்தேன். அந்த நிறம் எனக்குத் தெரிந்த நிறம்.

"அது மூல சமூகத்துக்கு மட்டும்தான், குமுதினி."

"என்ன சமூகம்? நானும் நீரும் ஒரே பள்ளிக்கூடம்."

"ஓம், ஆனால் பதிஞ்சது எங்களைத்தான். ஒரு தாய், ஒரு பிள்ளை. செவ்வாய்க்கிழமை மிஸ் வந்தாக் கேட்டுச் சொல்லுறன். உம்மட விஷயத்தைச் சாதகமாத்தான் சொல்லுவன்."

குமுதினி என்னை உற்றுப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, தெரிந்த முகத்தைத் தேடுகிற மாதிரிப் பார்த்தாள்.

"இவன் சின்ன மூச்சு, கத்தரின்" என்றாள். "எவ்வளவு ஈரம் வந்திடப்போகுது?"

"உமக்கு விளங்காது. இது ஒரு சமநிலை. ஒராளுக்கு விட்டால் எல்லாரும் வருவினம். பிறகு முகமூடியைக் கொண்டு போயிடுவினம். அதுக்குப் பிறகு உமக்கும் இல்லை, எனக்கும் இல்லை."

நான் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வசனமும் சரி. அவள் ஹோலில், கிறிஸ்துராஜாவின் தலையணைக்குப் பக்கத்தில், பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு இருந்தாள். பிள்ளையின் முதுகை வட்டமாகத் தடவினாள். நானும் அப்படித்தான் தடவுவேன்.

நான் அறைக்குள் வந்தேன். சாருஜா வாயை மூடி, மூக்கால், சத்தமில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தாள். முகமூடி சிப்பிக் கண்ணால் என்னைப் பார்த்தது. உக்கிப்போக வேண்டியது உக்காமல் நின்றது. ஐம்பத்துநான்கு. ஹோலிலிருந்து விசில் சத்தம் கதவு நீக்கலால் வந்தது. சத்தத்தோடு அவனுடைய ஈரமும் வந்திருக்கும். ஐம்பத்துநான்கரை. வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டேன்.